வலை இல்லாத ஏழு மாதங்கள்

உங்கள் இருவருக்கும் எப்போதோ சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லாமலே நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். நேரில் உட்கார்ந்து சொன்னால் பாதியிலேயே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்கப்பாவுக்கு மைன்ஸ்ல என்ன வேலை?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "தண்ணி அளக்கிற வேலை" என்று சின்னவள் சொல்லி, வகுப்பே சிரித்ததாம். அழுதுகொண்டு வந்தாள். உண்மையில் அவள் சொன்னது சரிதான்.

நெய்வேலியில் தோண்டியெடுத்த மண்ணை மலை மாதிரிக் கொட்டிவைத்திருப்பார்களே, அந்த மேட்டில் மரம் வளர்த்துப் பார்க்கும் பிரிவில் நான் இருந்தேன். நாற்றுப் பண்ணைக்கு அடுத்தாற்போல், கம்பிவேலி போட்டுப் பூட்டிய ஒரு துண்டுப் புல்தரை. அதன் நடுவே ஒரு தாழ்வான மரச்சட்டத்தின் மேல் வெள்ளையடித்த வட்டத் தொட்டி ஒன்று இருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. குறுக்கே ஒரு சிறு பிள்ளை படுக்கலாம், அவ்வளவு அகலம். தொட்டிக்குள் ஊசி மாதிரி மேல்நோக்கி நிற்கும் ஒரு கம்பி. அதன் முனையைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிரப்பி வைப்போம். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகக் கொண்டுபோக முனை வெளியே தெரியும். மறுபடி முனை வரைக்கும் கொண்டுவர, கோடு போட்ட பித்தளைக் குவளையால் எவ்வளவு ஊற்றுகிறோமோ அதுதான் கணக்கு. காலை எட்டரைக்கு ஒரு தடவை, மதியம் இரண்டரைக்கு ஒரு தடவை.

பக்கத்தில், ஜன்னல் சட்டம் போட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் இன்னொரு கருவி. கண்ணாடிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வாய்ப்பக்கம் மை ஒற்றும் தாளை வட்டமாக வெட்டிப் பொருத்தித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்போம். தாளிலிருந்து தண்ணீர் காற்றில் போகப்போகக் குழாயில் மட்டம் இறங்கும்.

ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு கருவி என்று அப்போதிருந்த அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர். கோபம் வந்தாலும் குரல் உயராது.

"ஒரு நாள் அளவு ஒண்ணும் சொல்லாதுங்க. வருஷக்கணக்கா ஒரே மாதிரி அளந்துக்கிட்டே வந்தா, இங்க மரம் வந்தப்புறம் காத்தோட தாகம் கூடுதா குறையுதான்னு அதுவா சொல்லும். ஒரு கருவி தப்பு பண்ணினா மத்தது காட்டிக்குடுக்கும். அதுக்குத்தான் ரெண்டு."

கருவி செய்யும் தப்பைப் பற்றித்தான் அவர் சொன்னார். ஆள் செய்யும் தப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து வேலை செய்த ஒருவரிடம். காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர். ஐந்தாவது வரை படித்தவர். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் அவரை "வாப்பா, போப்பா" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். நான் பர்மனன்ட், அவர் காண்ட்ராக்ட். டவுன்ஷிப்பில் அது போதும்.

காலை அளவு என்னுடையது. மதிய அளவு அவருடையது. முதல் வாரத்திலேயே அவர் என்னைவிட நன்றாக அளக்கக் கற்றுக்கொண்டார். தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக நான் குனிவேன். அவரோ புல்லில் முழங்கை ஊன்றிப் படுத்தே விடுவார்.

"இன்னாப்பா, தொட்டிக்கு நமஸ்காரமா?" என்பேன்.

"ஊசி மொனை கண்ணாமூச்சி ஆடுது சார். நின்னுக்கினு பாத்தா ஏமாத்திப்புடும்" என்பார்.

அந்த வருஷம் எங்கள் பிரிவிலிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் சிலரைப் பர்மனன்ட் ஆக்கச் சிபாரிசு செய்யும் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதெல்லாம் அதே பேச்சுதான்.

"பர்மனன்ட் ஆயிட்டா கோட்டர்ஸ் குடுப்பாங்க இல்ல சார்? எம் பொண்ணு அடுத்த வருசம் ஒண்ணாவது. உங்க இஸ்கூல்லயே சேத்துடலாம். இங்கேர்ந்தே நடந்து போவும்."

"பொண்ணு படிக்குமா?"

"அத்த ஏன் கேக்குறீங்க? வூட்டு செவுத்துல எடம் வைக்கல சார், அவ்வளவும் கரிக்கோடு."

இதை மறந்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாசி மாதம், உங்கள் அம்மா மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயவைத்தாள். கருப்புக் குடையைப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தாள், காகங்கள் குடையின் மேலேயே வந்து உட்கார்ந்தன. "ஏங்க, ரெண்டு நாளைக்கு எங்கயாச்சும் ஒரு வலை கிடைக்காதா?" என்று கேட்டாள்.

எங்கள் தொட்டியின் மேல் ஒரு வலை உண்டு. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலைதான். பறவைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்காக, விதிப்படி மூடிவைக்க வேண்டிய வலை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சுருட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி, மேலே கோணிச்சாக்கைப் போட்டு மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஸ்டோர்ல பழசு கெடந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இன்றுவரைக்கும் அதுதான் தெரியும். இதைப் படித்துவிட்டு அவளை எதுவும் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை மதியம் அவர் கேட்டார்: "சார், வலை எங்க?"

"பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்குப்பா. வந்துடும்."

வத்தல் காய்ந்ததும் வலையைக் கொண்டுபோய்விடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அம்மா வாங்கி விட்டிருந்த கோழி குஞ்சு பொரித்தது. பருந்து ஒன்று குவார்ட்டர்ஸுக்கு மேலே வட்டம் போட்டது. கொல்லைப்பக்கம் பலகை அடித்து நான் ஒரு கூண்டு கட்டினேனே, நீங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து குஞ்சுக்குப் பெயர் வைப்பீர்களே, அந்தக் கூண்டுக்கு மேலே அடித்திருந்தது அந்த வலைதான். ஆணி அடித்த பிறகு அது ஆபீஸ் வலை என்பதே எனக்கு மறந்துபோனது. மறந்துபோனது என்று எழுதுவதும் பொய்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஏழு மாதம் ஓடியது.

வெயில் ஏறியது. உச்சிவெயிலில் காகங்கள் தொட்டிக்கு வரத் தொடங்கின.

"ஒண்ணு குளிக்குது, ஒண்ணு கரையில குந்திக்கினு வேடிக்க பாக்குது. கல்யாணத்துக்கு வந்தாப்பல வருதுங்க சார். காத்து குடிச்சது போதாதுன்னு இதுங்க வேற. அளவு எகிறுது. வலை எப்ப சார் வரும்?"

"வரும்ப்பா. நீ இருக்கிறத எழுது."

அவர் இருப்பதைத்தான் எழுதினார். ஒரு குவளைகூடக் குறைக்கவில்லை, கூட்டவில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணுக்கு எதிரில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சுழித்துப் போட்டார். வேலை இல்லாத நேரத்தில் கையில் துண்டை வைத்துக்கொண்டு காகம் ஓட்டுவார். நாற்றுப் பண்ணைப் பெண்கள், "இன்னா அண்ணே, காக்காவுக்கு வாட்ச்மேன் உத்தியோகமா?" என்று கேலி செய்வார்கள். "பர்மனன்ட் வாட்ச்மேன்" என்று அவரும் சிரிப்பார்.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்பு அதிகாரியிடமிருந்து ஒரு தகவல் வந்தது. இரண்டு கருவிகளின் கணக்கையும் கோடு போட்டுப் பார்த்ததில் ஏதோ ஒத்துவரவில்லை, வியாழக்கிழமை நேரில் வருகிறேன் என்று. புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கூண்டில் ஆணியைப் பிடுங்கி வலையைக் கழற்றினேன். கழுவினேன், தேய்த்தேன், கொண்டுபோய்த் தொட்டியின் மேல் போட்டு விளிம்பில் மாட்டினேன். மதியம் அவர் வந்து வலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வழக்கம்போல் புல்லில் படுத்து அளவெடுத்தார்.

மறுநாள் அதிகாரி வந்தார். கட்டம் போட்ட தாளை எங்கள் இருவர் முன்னாலும் தொட்டிக்குப் பக்கத்திலேயே புல்லில் விரித்தார்.

"பாருங்க. குழாய் எப்பவும் போல இருக்கு. தொட்டி மட்டும் மாசியிலேர்ந்து மேல போகுது. அதுலயும் காலை அளவு ஓரளவு சரியா வருது. மதிய அளவுதான் துள்ளுது." அவர் பக்கம் திரும்பி, "மதியம் நீதானேப்பா?" என்றார்.

"ஆமாங்க சார்."

"முனை வரைக்கும்தான் ஊத்தறியா? தாண்டி ஊத்திடறியா?"

"இல்லீங்க சார். படுத்துக்கினு பாத்துதான் ஊத்துவேன். காக்கா குடிச்சிது சார்."

அதிகாரி தொட்டியைப் பார்த்தார். வலையை விரலால் தட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "வலைக்குள்ள எப்படிப்பா காக்கா போகும்?"

"வலை..." என்று அவர் ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து எண்ணும் நேரம் இருக்கலாம். "சார், முந்தாநாள் வரைக்கும் வலை இல்ல, நான் எடுத்துட்டுப் போயிருந்தேன்" என்று சொல்ல அவ்வளவுகூட ஆகாது. அதிகமாகப் போனால் எனக்கு ஒரு மெமோ கிடைத்திருக்கும். அதற்கே பயந்தேன். அவருக்குப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

"தெரியல சார்" என்றார் அவர் கடைசியில்.

அதிகாரி அவரைத் திட்டவில்லை. தனியாக என்னிடம், "படிப்பு கம்மி, பாவம். அடுத்த மாசம் முழுக்க ரெண்டு அளவையும் நீங்களே எடுங்க. பார்ப்போம்" என்றார்.

எடுத்தேன். தொட்டியின் மேல் வலை இருந்தது, காகம் இல்லை. மதிய அளவு இறங்கியது. குழாயும் தொட்டியும் பழையபடி ஒன்றுபோல் நடந்தன. அதிகாரிக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆளை மாற்றினோம், அளவு சரியாயிற்று. அந்தக் கருவிகள் பொய்யே சொல்லவில்லை. ஆனால் அவை சொன்னதெல்லாம் அவருக்கு எதிராகவே போய் விழுந்தது.

"நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்திடுங்க. தமிழ்லயே எழுதுங்க" என்றார். நான் எழுதினேன்: "மதிய அளவுகளில் கவனக்குறைவு காணப்பட்டது."

காணப்பட்டது. ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை எழுதிய சொல்தான். யார் கண்டது? நான் ஒன்றும் காணவில்லை. அந்தச் சொல்லில் காண்கிற ஆளே வேண்டாம்; கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ரிஜிஸ்தரில் அவருடைய அளவுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் சுழித்ததும் நான்தான். அப்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போக.

பட்டியலிலிருந்து அவர் பெயர் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பினார்.

நாலைந்து வருஷம் போனது. நீங்கள் இருவரும் அதே பள்ளிக்கு நடந்துபோய் வந்தீர்கள். ஒரு நாள் குறிஞ்சிப்பாடியில் கைத்தறி வேட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கடலூர் பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கிப்போக நினைத்தேன், அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"சார்! நல்லாக்கீறீங்களா? புள்ளைங்க நல்லாக்குதா?"

நெல்லிக்குப்பத்தில் கரும்பு சீசனுக்கு லாரியில் பாரம் இறக்கும் வேலைக்குப் போய்வருவதாகச் சொன்னார். தோளில் தோல் தடித்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவரை முதல் தடவையாக 'உங்க' என்றது அப்போதுதான். "அந்த வலை..."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"பெயின்ட் அடிக்கப் போன வலையில கோழி எறகு சிக்கிக்கினு இருந்திச்சி சார்." அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "புதன்கெழமையே பாத்துட்டேன். நான்தான் அந்த எறக எடுத்துப் போட்டேன். பெரிய சார் வந்தா கேப்பாரேன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நிக்குமா சார்? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் வருமென்று இருந்தேன், வரவில்லை என்பது மாதிரி சொன்னார். இப்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். வேலை பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் வேணாம் சார். அந்த நோட்டுல செவப்பு மையில சுழிச்சீங்களே, அதான் மனசுல நின்னுக்கினே கீது. நான் அளந்தது தப்பு இல்ல சார். தண்ணி அவ்வளவு கொறஞ்சது நெசம். அத்த மட்டும் எழுதுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ரிஜிஸ்தரோடு அதிகாரி அறைக்குப் போனேன். பழையவர் மாற்றலாகிப் போய், புதிதாக ஒருவர் வந்திருந்தார். வருஷக்கணக்குகளை எல்லாம் சேர்த்து ஒரே கோடாக ஓட்டிப் பார்க்கும் வேலையில் அவர் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வலை, வத்தல், கூண்டு, அந்தப் பத்து எண்ணும் நேரம். மெமோவுக்குத் தயாராகத்தான் போனேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட! கோட்டுல இந்த ஒரு மேடு எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சுக்கிட்டேன். நல்ல வேளை சொன்னீங்க. இவ்வளவு நேர்மையா யாரு வந்து சொல்லுவாங்க? இந்த ஏழு மாசத்த அப்படியே அடிச்சிடலாம்."

நேர்மை என்றார் என்னை.

"சார், அந்த ஆளு..."

"எந்த ஆளு?"

மறுபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காண்ட்ராக்டர் ஆள் என்பதால் அவரைப் பற்றி ஆபீஸில் தனியாகத் தாள் எதுவும் இருக்காது, திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, பட்டியலும் எப்போதோ முடிந்துபோன விஷயம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

"அடிச்சிட வேணாம் சார்" என்றேன். "அளவு சரிதான். தண்ணி அவ்வளவு குறைஞ்சது நிஜம்."

"காக்கா குடிச்ச கணக்கு நமக்கு எதுக்குங்க?"

"உங்க கணக்குல சேக்க வேணாம். நோட்டுல மட்டும் நான் எழுதிக்கிறேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, சரி என்றார். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு சிவப்புச் சுழிப்புக்கும் பக்கத்தில், அவருடைய முதல் எழுத்துக்கு எதிரில்: "அளவு சரி. வலையை நான் எடுத்திருந்தேன்." கீழே என் கையெழுத்து. முதல் பக்கத்தில் "எடுக்கப்பட்டிருந்தது" என்று எழுதிவிட்டேன், பழக்கம். அதை அடித்துத் திருத்தினேன்.

எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை, அதைச் சொல்வதற்காக அவருடைய ஊருக்குச் சைக்கிளில் போனேன். அவர் வீட்டில் இல்லை. சீசன் வேலைக்குப் போனவர் வர இரண்டு நாளாகும் என்று ஒரு பெண் பிள்ளை வெளியே வந்து சொன்னது. பதினோரு வயது இருக்கும். கையில் புல் அறுக்கும் அரிவாள்.

"யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்?"

"மைன்ஸ்ல கூட வேலை செஞ்சவருன்னு சொல்லும்மா."

"மைன்ஸ்லயா? எங்கப்பா மைன்ஸ்ல வேல செஞ்சதே இல்லியே."

"செஞ்சாரும்மா. அவர் அளந்ததெல்லாம் சரின்னு எழுதியாச்சுன்னு சொல்லு" என்றேன்.

"இன்னா அளந்தாரு?"

"தண்ணி."

அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சின்னவள் வகுப்பு சிரித்த மாதிரியேதான். "நீ எந்த வகுப்பும்மா?" என்று கேட்டேன். "நிறுத்திட்டாங்க" என்றது. அரிவாளை மாற்றிப் பிடித்துக்கொண்டு வரப்புப் பக்கம் நடந்தது.

அவர் தன் பிள்ளையிடம்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை என் பிள்ளைகளிடமாவது நான் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அந்தப் பெண்ணுக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அது காலியாகக் கிடந்ததற்குக் காரணம் உங்கள் அப்பா.